டேம் வாங்கறதுக்கு முன்னாடி ஆபீஸ்ல முடிக்க வேண்டிய வேலைங்க

வாரப் பத்திரிகையோ மாதப் பத்திரிகையோ சின்ன பதிப்பகமோ, இருபது வருஷத்துக்கு மேல ஓடிட்டு இருக்கற ஆபீஸ்ல பழைய போட்டோ எங்க இருக்குன்னு கேட்டா அனேகமா ஒரே பதில்தான் வரும், "சர்வர்ல இருக்கும், இல்லன்னா லேஅவுட் அண்ணன்கிட்ட கேளுங்க". சர்வர்ல தேடினா கெடைக்காது, அண்ணன்கிட்ட கேட்டா டீ ஆறதுக்குள்ள எடுத்துத் தந்துடுவாரு. இந்த மாதிரி ஆபீஸ்ங்க இப்போ டிஜிட்டல் அசெட் மேனேஜ்மென்ட், சுருக்கமா டேம்னு சொல்ற சிஸ்டத்துக்கு மாறலாமான்னு யோசிக்கறாங்க. கண்டிப்பா மாறணும். ஆனா எல்லாரும் எடுத்த எடுப்புல கேக்கற கேள்வி எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்ங்கறதுதான், அது கடைசியா கேக்க வேண்டிய கேள்விங்க. அந்த அண்ணன் மண்டைக்குள்ள இருக்கறத வெளிய கொண்டு வந்து ஒவ்வொரு ஃபைலோடவும் எப்படி சேக்கறதுங்கறதுதான் மொத கேள்வி, நான் இங்க எழுதறது பெரும்பாலும் அதப் பத்திதான்.

டேம்னா என்னன்னு புதுசா கேக்கறவங்களுக்கு ஒரு விஷயம் மட்டும் சொல்லிடறேன். கூகுள் டிரைவ்லயோ ஆபீஸ் சர்வர்லயோ ஒரு படம் ஒரு ஃபோல்டருக்குள்ள இருக்கும், ஃபோல்டர் பேர் தெரிஞ்சாத்தான் படம் கெடைக்கும். டேம்ல ஃபோல்டர் அவ்ளோ முக்கியமில்ல, யாரு எடுத்தது, எங்க, எப்போ, படத்துல இருக்கறது யாரு, எதுக்கெல்லாம் போடலாம், எத்தனை நாள் வரைக்கும் உரிமை இருக்குன்னு ஒவ்வொரு ஃபைலுக்கும் தகவல் இருக்கும், அந்தத் தகவல வெச்சுதான் தேடுவோம். அதத்தான் மெட்டாடேட்டான்னு சொல்றாங்க. அந்தத் தகவல் இல்லாம வெறும் ஃபைல மட்டும் தூக்கி ஏத்தினீங்கன்னா பழைய வீட்டுப் பரண்ல கெடந்த மூட்டைய அவிழ்க்காமலே புது வீட்டுப் பரண்ல ஏத்தின மாதிரிதான், தேடறது மறுபடியும் அண்ணன்தான்.

மொதல்ல யாரு என்ன தேடறாங்கன்னு எழுதி வைங்க

ஒரு நோட்டு போதும், இல்லன்னா ஆபீஸ் வாட்ஸ்ஆப் குரூப்பே போதும். ரெண்டு வாரம், முடிஞ்சா ஒரு மாசம், யாரு யாருகிட்ட எந்தப் படம் கேட்டாங்க, என்ன வார்த்தை சொல்லிக் கேட்டாங்க, கெடைச்சுதா, எங்க கெடைச்சுதுன்னு அப்படியே எழுதி வைங்க. "அந்த வெள்ளத்தப்போ எடுத்த படம், பாட்டி ஒருத்தங்க தலைல பாத்திரம் வெச்சுட்டு போவாங்களே", "எழுத்தாளர் சின்ன வயசுல இருக்கற படம், இப்போ எடுத்தது வேண்டாம்", "போன வருஷ தீபாவளி மலர் அட்டை, டைட்டில் இல்லாம வெறும் ஓவியம் மட்டும்", இப்படித்தான் கேப்பாங்க. இதுல இருந்துதான் உங்க ஆபீஸுக்கு என்னென்ன தகவல் கட்டம் வேணும்னு தெரியும். மேல இருக்கற மூணு கேள்வியப் பாருங்க, மொதலாவதுக்கு நிகழ்ச்சியும் படத்துல என்ன நடக்குதுங்கற விவரமும் வேணும், ரெண்டாவதுக்கு ஆள் பேரும் எடுத்த வருஷமும் வேணும், மூணாவதுக்கு இதழ் தேதியும் எந்த வடிவம்ங்கறதும் வேணும். சாஃப்ட்வேர் விக்கற வெண்டர் கொண்டு வர்ற நாப்பது கட்டம் உள்ள ஃபார்ம்ல பாதிக்கு மேல உங்களுக்குத் தேவைப்படாது, அத நெரப்பச் சொன்னா யாரும் நெரப்பவும் மாட்டாங்க. எட்டுல இருந்து பன்னெண்டு கட்டத்துக்குள்ள நிறுத்திக்கோங்க, அதுலயும் கட்டாயம்னு சொல்றது அஞ்சுக்கு மேல வேண்டாம்.

இருக்கறதெல்லாம் எங்க இருக்கு

இது அலுப்பான வேலை ஆனா தப்பிக்க முடியாது. சர்வர், எடிட்டரோட லேப்டாப், லேஅவுட் மெஷின், போட்டோகிராபர் வீட்ல இருக்கற ஹார்ட்டிஸ்க், பீரோக்குள்ள அடுக்கி வெச்சிருக்கற டிவிடி, யாரோ வேலைய விட்டுப் போனவங்களோட ஜிமெயில் டிரைவ், இதெல்லாம் ஒரு எக்செல் ஷீட்ல வரணும். எந்த எடம், எத்தனை ஜிபி, என்ன மாதிரி ஃபைல், யாரு பொறுப்பு, எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரைக்கும், இவ்ளோ போதும். விண்டோஸ் மெஷின்னா ட்ரீசைஸ், வின்டிர்ஸ்டாட் மாதிரி இலவச டூல் எந்த ஃபோல்டர் எவ்ளோ எடம் அடைச்சிருக்குன்னு சொல்லிடும். டிவிடிங்கள தள்ளிப் போடாதீங்க, நாமளே கம்ப்யூட்டர்ல ரைட் பண்ண டிவிடில டேட்டா ஒரு சாயப் படலத்துலதான் பதியுது, வருஷம் ஆக ஆக படிக்க முடியாமப் போகும், அதனால வேற எதையும் தொடறதுக்கு முன்னாடி அதையெல்லாம் ஹார்ட்டிஸ்க்ல எறக்கிடுங்க.

நெகட்டிவ், பிரிண்ட் போட்டோ பெட்டி பெட்டியா இருந்தா அத இந்த வேலையோட சேக்காதீங்க. ஸ்கேன் பண்றது தனி வேலை, தனி பட்ஜெட், அத இதோட சேத்தா ரெண்டுமே முடியாது. பெட்டி மேல நம்பர் ஒட்டி ஷீட்ல ஒரு வரி போட்டு வெச்சுட்டு நகருங்க.

கழிக்கறது, ஆனா அவசரப்படாம

ஒரே படம் பத்து எடத்துல இருக்கும், "ஃபைனல்", "ஃபைனல் புதுசு", "சார் ஓகே பண்ணது" அப்படின்னு. டியூப்குரு, செக்காவ்கா மாதிரி ஓப்பன் சோர்ஸ் டூல் அச்சு அசலா ஒண்ணா இருக்கற ஃபைலையும் கண்டுபிடிக்கும், சைஸ் மாறின அதே மாதிரி படத்தையும் கண்டுபிடிக்கும். அச்சு அசல் காப்பிய தைரியமா கழிக்கலாம். சைஸ் மாறினதுல பெருசா இருக்கறதுதான் ஒரிஜினல்னு மட்டும் முடிவு பண்ணிடாதீங்க, சின்னத இழுத்துப் பெருசாக்கி வெச்சிருப்பாங்க, ஒருத்தர் கண்ணால பாத்துத்தான் முடிவு பண்ணணும்.

இங்க ஒரு எச்சரிக்கைய அழுத்தமா சொல்லணும். இன்டிசைன்ல பக்கம் போட்ட ஃபைலுக்குள்ள படம் இருக்காது, படம் எங்க இருக்குங்கற வழி மட்டும்தான் இருக்கும். நீங்க சுத்தம் பண்றேன்னு ஃபோல்டர் பேர மாத்தினாலோ படத்த நகத்தினாலோ அந்தப் பழைய இதழ்ல எல்லாம் படத்துக்கு லிங்க் அறுந்து போகும். அதனால எந்த இதழ், எந்த புத்தகம் மறுபடியும் அச்சுக்குப் போக வாய்ப்பு இருக்கோ அதையெல்லாம் மொதல்ல இன்டிசைன்லயே பேக்கேஜ் பண்ணி, ஃபான்ட் படம் எல்லாத்தோடவும் ஒரே ஃபோல்டர்ல எடுத்து வெச்சுட்டு அப்புறமா சுத்தம் பண்ண ஆரம்பிங்க. பேஜ்மேக்கர் காலத்து ஃபைல் இருந்தா அது இன்னும் சிக்கல், இப்போ வர்ற இன்டிசைன் அதத் திறக்காது, ஆபீஸ்ல எங்கயாவது பேஜ்மேக்கரோட ஒரு பழைய மெஷின் ஓடிட்டு இருந்தா அது உயிரோட இருக்கும்போதே எல்லாத்தையும் பிடிஎஃப்பா எடுத்துடுங்க. கோரல்ட்ரால போட்ட அட்டைங்களுக்கும் இதேதான், ஒரிஜினலோட சேத்து ஒரு பிடிஎஃப்.

யாருக்குச் சொந்தம்

படம் நம்ம சர்வர்ல இருக்கறதால நம்மளதுன்னு எல்லாரும் நெனைக்கறாங்க. அப்படி இல்ல. 1957 காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தோட 17ஆவது பிரிவப் படிச்சுப் பாருங்க. பத்திரிகைல சம்பளத்துக்கு வேலை பாக்கற போட்டோகிராபர் பத்திரிகைக்காக எடுத்த படத்துக்கு, வேற ஒப்பந்தம் எதுவும் இல்லன்னா, பத்திரிகைல போடற உரிமைதான் முதலாளிக்கு, மத்த எல்லாத்துலயும் எடுத்தவர்தான் உரிமையாளர். அதாவது அந்தப் படத்த காலண்டராவோ தனி புத்தகமாவோ போடணும்னா அவரோட எழுத்துல ஒப்பந்தம் இருக்கான்னு பாக்கணும். காசு குடுத்து சொல்லி எடுக்க வெச்ச படத்துக்கு வேற விதி, அவரா எடுத்துக் கொண்டு வந்து குடுத்த படத்துக்கு வேற விதி. 19ஆவது பிரிவு இன்னொண்ணு சொல்லுது, உரிமைய எழுதிக் குடுக்கறப்போ எத்தனை வருஷம்னு போடலன்னா அஞ்சு வருஷம்னுதான் அர்த்தம், எந்த நாட்டுக்குன்னு போடலன்னா இந்தியாவுக்கு மட்டும்தான். வெளிநாட்டுத் தமிழர்களுக்கு இ-புக் விக்கற பதிப்பகங்களுக்கு இந்த ஒரு வரி எவ்ளோ முக்கியம்னு யோசிச்சுப் பாருங்க. இதுக்கெல்லாம் ஒரு வக்கீல ஒரு தடவ உக்கார வெச்சு பேசிடறது நல்லது.

டேமுக்கு வேண்டியது இதுதான்: ஒவ்வொரு படத்துக்கும் உரிமை நிலைன்னு ஒரு கட்டம், அதுல நாலே தேர்வு. நம்மளது, எதுக்கு வேணா போடலாம். பத்திரிகைக்கு மட்டும். கேட்டுட்டுதான் போடணும். தெரியல. இந்த "தெரியல"ங்கறத வெக்க மறந்துடாதீங்க, அது இல்லன்னா அவசரத்துல இருக்கறவங்க "நம்மளது"ன்னு போட்டுட்டுப் போயிடுவாங்க. தெரியலன்னு இருக்கற படம் தேடினா வரட்டும், ஆனா பெரிய சைஸ்ல டவுன்லோட் ஆகக் கூடாதுன்னு சிஸ்டத்துல செட் பண்ணலாம். ஓவியர்ங்க விஷயத்துல இன்னும் கவனமா இருங்க, பழைய தொடர்கதைக்குப் போட்ட ஓவியத்த இப்போ அட்டைக்கு எடுக்கறப்போ அவங்க பேரும் வரணும், அவங்களுக்கோ குடும்பத்துக்கோ சேர வேண்டியதும் போய்ச் சேரணும், அந்த ஓவியத்துக்கு உயிர் குடுத்தவங்க அவங்க.

கொழந்தைங்க படம், ஆஸ்பத்திரில எடுத்த படம், வன்முறைக்கு ஆளானவங்க படம், இதுக்கெல்லாம் ஒரு தனி அடையாளம் வைங்க, எல்லார் கண்ணுலயும் படாத மாதிரி. 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டத்த மனசுல வெச்சுக்கிட்டு, முகத்த வெச்சு ஆள் அடையாளம் காணற வசதிய ஆன் பண்றதுக்கு முன்னாடியும் அதே வக்கீல்கிட்ட கேட்டுக்கோங்க.

பேரு, ஊரு, எழுத்து

தமிழ்ல வேலை செய்யற ஆபீஸுக்கு உண்மையான தலைவலி இங்கதான், இதப் பத்தி சாஃப்ட்வேர் விக்கறவங்க வாயே திறக்க மாட்டாங்க ஏன்னா அவங்களுக்கே தெரியாது.

ஒரே ஊர தஞ்சாவூர், தஞ்சை, இங்கிலீஷ்ல ரெண்டு மூணு எழுத்துக்கூட்டல்னு ஆளுக்கொரு மாதிரி எழுதுவாங்க. திருச்சி, திருச்சிராப்பள்ளி. நெல்லை, திருநெல்வேலி. ஆள் பேர்ல இனிஷியல் முன்னாடியா பின்னாடியா, புள்ளி உண்டா இல்லையா, பட்டப் பேரா சொந்தப் பேரா, புனைபேரா. இதுக்கு ஒரே வழி, ஒரு பட்டியல் போடறதுதான். ஒவ்வொரு ஊருக்கும் ஆளுக்கும் "இதுதான் நம்ம பேரு"ன்னு ஒண்ணு, அதுக்குப் பக்கத்துல மத்த வடிவமெல்லாம். டேக் பண்றவங்க, அதாவது படத்துக்குத் தகவல் போடறவங்க, பட்டியல்ல இருந்து தேர்ந்தெடுக்கணும், கையால டைப் பண்ணக் கூடாது. தேடறவங்க எந்த வடிவத்துல தேடினாலும் கெடைக்கணும். ஒரேயடியா ஆயிரம் பேர் பட்டியல் போட உக்காராதீங்க, நீங்க எழுதி வெச்சீங்களே தேடல் நோட்டு, அதுல வந்த பேருங்கள்ல இருந்து ஆரம்பிங்க, மத்தது போகப் போக சேரும்.

தமிழ்ல வேற்றுமை உருபு ஒட்டிக்கும். கேப்ஷன்ல "தஞ்சாவூரில் நடந்த"ன்னு இருக்கும், தேடறவர் "தஞ்சாவூர்"னு தேடுவாரு. "மதுரைக்கு", "மதுரையிலிருந்து", இதெல்லாம் நமக்கு ஒரே ஊரு, நெறைய சாஃப்ட்வேருக்கு வேற வேற வார்த்தை. அதனால கேப்ஷன் எப்படி வேணா அழகா எழுதுங்க, ஆனா ஊரும் ஆளும் தனிக் கட்டத்துல உருபு இல்லாம மொட்டையா இருக்கணும். பன்மையா ஒருமையாங்கறதுலயும் ஒரு முடிவெடுங்க, "கோயில்"னா கோயில்தான், "கோயில்கள்", "கோவில்" வேண்டாம்.

இன்னும் உள்ள போனா எழுத்துலயே பிரச்சனை இருக்கு. 2010 வரைக்கும், பல எடத்துல அதுக்கப்புறமும், டிடிபி எல்லாம் பாமினி, டாம், டாப் மாதிரி ஃபான்ட்லதான் ஓடுச்சு. கம்ப்யூட்டர்ல தமிழ் எழுத்தப் பதியறதுக்கு யூனிகோடையும் டேஸ்16ஐயும் தமிழ்நாடு அரசு தரமா அறிவிச்சதே 2010லதான். அந்தப் பழைய ஃபைல்ல இருந்து கேப்ஷன காப்பி பண்ணி டேம்ல ஒட்டினா கண்டபடி இங்கிலீஷ் எழுத்தா தெரியும். சில நேரம் ஃபைல் பேரே அப்படி இருக்கும். கன்வெர்டர் போட்டு மாத்தி, மாத்தினத ஒருத்தர் படிச்சுப் பாத்துத்தான் ஏத்தணும், ஏன்னா மெய்யெழுத்துப் புள்ளியும் கிரந்த எழுத்தும் எங்கயாவது தவறிப் போயிருக்கும்.

யூனிகோட்லயே இருந்தாலும் வேலை முடியல. "கொ"ங்கற எழுத்த க-வோட ஒரே குறியா சேத்தும் டைப் பண்ணலாம், முன்னாடி ஒத்தைக் கொம்பு பின்னாடி கால்னு ரெண்டு குறியாவும் சேக்கலாம். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், கம்ப்யூட்டருக்கு வேற. பழைய மேக் மெஷின்ல இருந்து வர்ற ஃபைல் பேருங்க இப்படி பிரிஞ்சு வரும். அப்புறம் "ஔவையார்"ல ஔ-வுக்குப் பதிலா ஒ-வும் ள-வும் தனித்தனியா டைப் பண்ணியிருப்பாங்க, "கௌ"லயும் அதே ள. "ஸ்ரீ" கூட ரெண்டு விதமா உள்ள பதிவாகும். இதையெல்லாம் ஏத்தறதுக்கு முன்னாடி ஷீட்ல வெச்சே ஒரே மாதிரி ஆக்கிடணும், யூனிகோட் நார்மலைசேஷன்ல என்எஃப்சின்னு ஒரு வடிவம் இருக்கு, ஐடில இருக்கற தம்பிகிட்ட சொன்னா சின்ன ஸ்கிரிப்ட்ல பிரிஞ்ச குறிய சேத்துத் தருவாரு, ஆனா ள போட்டு டைப் பண்ணது தானா சரியாகாது, அத தேடித் தேடி மாத்தணும்.

ஃபைல் பேருக்கு ஒரு சின்ன விதி போதும். தேதி முன்னாடி, வருஷம்-மாசம்-நாள்னு, 2019-03-14 மாதிரி, அப்போத்தான் வரிசையா நிக்கும். அப்புறம் ஒரு சின்னப் பேர், அப்புறம் வரிசை நம்பர். இங்கிலீஷ் எழுத்து, நடுவுல எடம் விடாம. மத்த விவரத்த எல்லாம் ஃபைல் பேர்ல திணிக்காதீங்க, அதுக்குத்தான் மெட்டாடேட்டா, அதுவும் விண்டோஸ்ல ஃபோல்டரும் பேரும் சேந்து 260 எழுத்தத் தாண்டினா நெறைய புரோகிராம் மக்கர் பண்ணும்.

அண்ணனோட உக்காருங்க

இந்த வேலைலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான், ரொம்ப ஆபீஸ்ல விட்டுப் போறதும் இதுதான். ஆபீஸ்ல நெறைய வருஷமா இருக்கறவங்க, லேஅவுட் ஆர்ட்டிஸ்ட், சீனியர் புரூஃப் ரீடர், ரிட்டயர் ஆகப் போற போட்டோகிராபர், இவங்களோட வாரத்துக்கு ரெண்டு தடவ, ஒரு மணி நேரத்துக்கு மேல போகாம உக்காருங்க. பெரிய ஸ்கிரீன்ல படத்த வரிசையா ஓட்டுங்க, பக்கத்துல டைப் பண்ண ஒரு ஜூனியர். அவரு பாட்டுக்குப் பேசட்டும், போன்ல ரெக்கார்டும் பண்ணிக்கோங்க, கேட்டுட்டு.

ஒரு உதாரணம் சொல்றேன். ஃபைல் பேரு டிஎஸ்சி 0457, வேற எதுவும் கெடையாது. ஜூனியர் பாத்தா "தேர்த் திருவிழா, கூட்டம்"னு எழுதுவாரு, தானா டேக் பண்ற ஏஐயும் கிட்டத்தட்ட அதத்தான் எழுதும். அண்ணன்கிட்ட காட்டினா, "இது திருவாரூர் ஆழித்தேர், வடம் புடிக்கறதுக்கு முன்னாடி எடுத்தது, கீழ வீதிப் பக்கம். எடுத்தது நம்ம பழைய ஸ்டிரிங்கர், அவருக்கு ஒவ்வொரு தடவ போடறப்பவும் தனியா காசு குடுக்கணும். இத அட்டைக்கு எடுத்தோம், கடைசி நேரத்துல மாத்திட்டோம், அதனால அச்சுல வரவே இல்ல"ன்னு சொல்லுவாரு. இப்போ பாருங்க, எடம், நிகழ்ச்சி, எடுத்தவர், உரிமை, அச்சுல வந்துதா இல்லையா, அஞ்சு கட்டம் ஒரே மூச்சுல நெரம்பிடுச்சு. "அண்ணே, வருஷம்?"னு கேளுங்க, ஞாபகம் இல்லன்னா கேமராவே படத்துக்குள்ள பதியற எக்ஸிஃப்ங்கற தகவல்ல தேதி இருக்கும், ஆனா கேமராவுல தேதி செட் பண்ணாமலே எடுத்திருந்தா அது ஏதோ ஒரு ஜனவரி 1னு காட்டும், அப்போ இதழ் ஃபைலோட ஒப்பிட்டுப் பாக்கணும்.

எல்லாப் படத்துக்கும் இப்படி உக்கார முடியாது, கணக்குப் போட்டுப் பாருங்க. அறுபதாயிரம் படம், ஒண்ணுக்கு ரெண்டு நிமிஷம்னு வெச்சாலே ரெண்டாயிரம் மணி நேரம், ஒருத்தர் தெனம் எட்டு மணி நேரம் பாத்தா 250 வேலை நாள், ஒரு வருஷம் ஓடிடும். அதனால மூணாப் பிரிங்க. திரும்பத் திரும்பக் கேக்கற படமும் வேற எங்கயும் கெடைக்காத படமும் முழு விவரத்தோட ஏறணும். நடுவுல இருக்கறது மொத்தமா, ஒரு நிகழ்ச்சிக்கு ஒரே தகவல்னு கொத்தா ஏறலாம். மீதி ஹார்ட்டிஸ்க்லயே ரெண்டு காப்பியா இருக்கட்டும், டேமுக்குள்ள வரவே வேண்டாம்.

இதையெல்லாம் எங்க எழுதறதுங்கறது முக்கியம். பத்திரிகை உலகத்துக்குன்னே ஐபிடிசின்னு ஒரு தரம் இருக்கு, கேப்ஷன், எடுத்தவர், கிரெடிட் வரி, காப்புரிமை, ஊர், கீவேர்ட் எல்லாத்துக்கும் அதுல கட்டம் உண்டு. அடோபி 2001ல கொண்டு வந்த எக்ஸ்எம்பிங்கற முறை வழியா அது படத்துக்குள்ளயே பதிஞ்சு போகும். அடோபி பிரிட்ஜ்ல டைப் பண்ணலாம், மொத்தமா எக்செல்ல இருந்து ஏத்தணும்னா எக்ஸிஃப்டூல்னு ஒரு இலவச டூல் இருக்கு. படத்துக்குள்ள எழுதினா நாளைக்கு வேற சாஃப்ட்வேருக்குப் போனாலும் தகவல் கூடவே வரும். ஆனா வாட்ஸ்ஆப்ல சாதாரணமா போட்டோவா அனுப்பினா சைஸும் சுருங்கும் இந்தத் தகவலும் போயிடும், டாக்குமென்ட்டா அனுப்பினாத்தான் தங்கும், இத நிருபர்ங்க எல்லாருக்கும் இன்னைக்கே சொல்லிடுங்க.

இப்போ சாஃப்ட்வேர்

இவ்ளோ முடிச்சிருந்தா தேர்ந்தெடுக்கறது சுலபம். பைண்டர், கேன்டோ மாதிரி சந்தாவுல ஓடறது இருக்கு, ஆக்ஸ்ஃபாம்ங்கற தொண்டு அமைப்புக்காக உருவாகி ஓப்பன் சோர்ஸா வந்த ரிசோர்ஸ்ஸ்பேஸ் இருக்கு, அத நம்ம சர்வர்லயே போட்டுக்கலாம், ஆனா பாத்துக்க ஆள் வேணும். டெமோவுல அவங்க கொண்டு வர்ற அழகான படத்த பாக்காதீங்க, உங்க படம் ஒரு எரநூறு எடுத்துட்டுப் போங்க, அதுல இருக்கறதுலயே மோசமானதா பாத்து எடுங்க, பெரிய போட்டோஷாப் ஃபைல் (பிஎஸ்டி), கோரல் ஃபைல், தமிழ்ப் பேர் வெச்ச ஃபைல். உங்க தேடல் நோட்டுல இருந்து பத்து கேள்விய அவங்க முன்னாடியே தேடுங்க. தஞ்சைன்னு தேடினா தஞ்சாவூர் வருதா? ரெண்டு விதமா டைப் பண்ண "கொ" ரெண்டும் கெடைக்குதா? கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இன்னொரு கேள்வி, நாளைக்கு நாங்க வெளிய போனா ஒரிஜினல் ஃபைலும் எல்லாத் தகவலும் எக்செல்ல திறக்கற மாதிரி சிஎஸ்வி ஃபைலா வருமா, அதுக்குத் தனியா காசா? எழுத்துல வாங்கிக்கோங்க.

ஏத்தற நேரம்

எல்லாத்தையும் ஒரே நாள்ல ஏத்தாதீங்க. ஒரு தீபாவளி மலர், இல்லன்னா ஒரு வருஷ இதழ்னு சின்னதா ஒண்ண ஏத்தி, ரெண்டு வாரம் எல்லாரையும் அதுலயே தேடச் சொல்லுங்க. எந்தக் கட்டம் யாரும் நெரப்பலயோ அத எடுத்துடுங்க, எது இல்லன்னு திட்டறாங்களோ அத சேருங்க. அப்புறம்தான் மீதி.

நெட் வேகத்தையும் பாத்துக்கோங்க. எட்டு டிபி டேட்டாவ 100 எம்பிபிஎஸ் அப்லோட்ல, ஒரு நொடி கூட நிக்காம ஏத்தினாலே ஏழரை நாள் ஆகும், நெஜத்துல ரெண்டு மடங்குன்னு வெச்சுக்கோங்க, அதனால ராத்திரியிலயும் ஞாயித்துக் கெழமையும் ஓட விடணும், இல்லன்னா ஹார்ட்டிஸ்க்கா அனுப்பி ஏத்த முடியுமான்னு வெண்டர்கிட்ட கேளுங்க. ஏத்தறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஃபைலுக்கும் செக்சம், அதாவது ஃபைல் மாறிடுச்சான்னு காட்டற கைரேகை மாதிரி ஒரு எண், எடுத்து வைங்க, ஷா-256 போதும், ஏறினதுக்கப்புறம் திரும்ப எறக்கிப் பாத்து ரெண்டும் ஒண்ணா இருக்கான்னு சரி பாருங்க, எல்லாத்தையும் இல்லன்னாலும் ஒவ்வொரு கொத்துல இருந்தும் கொஞ்சமாவது.

தேதி குறிக்கறப்போ ஐப்பசி பக்கமே போகாதீங்க, தீபாவளி மலர் வேலைல யாரும் நிமிர மாட்டாங்க. பதிப்பகம்னா டிசம்பரும் ஜனவரியும் வேண்டாம், சென்னை புத்தகக் காட்சி முடியட்டும். பிப்ரவரில இருந்து வெயில் காலத்துக்குள்ள முடிக்கற மாதிரி வெச்சுக்கிட்டா நல்லது.

பொறுப்புக்கு ஒரு ஆள் வேணும், குழு இல்ல, ஆள். ஐடி ஆளா இருக்கணும்னு அவசியமில்ல, படத்தையும் இதழையும் தெரிஞ்ச சப் எடிட்டர் ஒருத்தர் இருந்தா அவங்கதான் சரி. அவங்களோட மத்த வேலைல பாதிய வேற ஒருத்தருக்கு மாத்திக் குடுங்க, கூடுதல் வேலையா தலைல கட்டாதீங்க. பட்டியல்ல புதுப் பேர் சேக்கற உரிமை அவங்ககிட்ட மட்டும் இருக்கட்டும். அண்ணன்கிட்டயும் மொதல்லயே தெளிவா பேசிடுங்க, சிஸ்டம் வந்தா என் வேலை போயிடுமோன்னு அவருக்கு பயம் இருக்கும், அது நியாயமான பயம். ஓனரோ எடிட்டரோ நேர்ல கூப்ட்டு, "அண்ணே, இத நீங்கதான் நடத்தணும்"னு சொல்லி, பழைய படங்கள சரி பாக்கற பொறுப்ப அவருக்கே எழுத்துல குடுக்கணும், அவரு சொல்லி நெரம்பின தகவல்ல அவரு பேரும் பதிவாகணும்.

டேம் ஓட ஆரம்பிச்ச அன்னைக்கே பழைய சர்வர்ல புதுசா எதுவும் சேவ் பண்ண முடியாத மாதிரி பூட்டிடுங்க, படிக்க மட்டும் விடுங்க. ரெண்டும் திறந்தே இருந்தா பாதிப் பேர் பழசுலயே போட்டுட்டு இருப்பாங்க. ஆறு மாசம் அப்படியே இருக்கட்டும், அந்த ஆறு மாசத்துல பழைய சர்வர்ல போய் யாரு என்ன எடுத்தாங்கன்னு பாத்துட்டே வாங்க, அதெல்லாம் டேமுக்கு வராம விட்டுப் போன படங்க. வாரக் கடைசில அந்தப் பட்டியல எடுத்து, விவரத்தோட ஏத்திடுங்க. அப்புறம் பழசோட முழு காப்பி ரெண்டு எடுத்து, ஒண்ணு ஆபீஸ்ல, ஒண்ணு வேற எடத்துல வெச்சுட்டு சர்வர நிறுத்திக்கலாம்.